சின்னக் கேஸ் வேண்டாம்

பிள்ளைகளே, ஊரில், இலங்கையில், போர் முடிந்த கிழமை கனடாவில் ஸ்காபரோ பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவரின் மகன், போரை நிறுத்தச் சொல்லி ஹைவேயை மறித்து உட்கார்ந்ததற்காகப் பிடிபட்டவன்.

“சின்னக் கேஸாம், லோயர் சொல்றார். எனக்குப் பத்திக்கொண்டு வருது,” என்றார் அந்தத் தாய்.

“சந்தோசப்படுங்கோ அக்கா. நீதவான் தனியக் கேட்டுக் கெதியா முடிச்சுப்போடுவார்.”

“அதுதான் வேண்டாம். பெரிய கேஸ் எண்டால் ஜூரி கேட்கலாம். இந்த ஊர்ச் சனம் பன்னிரண்டு பேர் இருந்து, அவன் ஏன் மறிச்சவன் எண்டு கேட்டுத்தானே ஆகவேணும்? இவ்வளவு நாளும் கொடியோட றோட்டில நிண்டம். ஒருத்தர் கேட்டவரே?”

“பெரிய கேஸ் எண்டால் பெடியனை உள்ள போட்டாலும் போடுவாங்கள். அவன் என்ன சொல்றான்?”

“அவனும் பெரிய கேஸ்தான் வேணும் எண்டுறான். ‘ஆனா அம்மா, அந்தப் பன்னிரண்டு பேரில ஒருத்தராவது அண்டைக்கு ஹைவேயில மாட்டுப்பட்டு நிண்டிருப்பார்’ எண்டு சிரிக்கிறான்.”

“பாத்தியளே. அவர் விடுவாரே?”

“அவர்தான் வரவேணும். அண்டைக்குக் கார்க் கண்ணாடியை ஏத்திப்போட்டு இருந்தவர். ஜூரிக் கதிரையில ஏத்துறதுக்குக் கண்ணாடி இல்லை.”