தாப்பாளுக்கு அந்தப் பக்கம்

என்னை அக்கான்னா சொல்லி வச்சிருக்காரு? நல்லாருக்கு. இல்லம்மா, நான் அவரு பொண்டாட்டி. அட, எந்திரிக்காதே, உட்காரு. உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆபீஸ்ல மேலதிகாரி ரெண்டு மூணு நாளா வரலையேன்னு பழம் வாங்கிட்டு வந்திருக்க. அது ஒரு தப்பா?

காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தலைக்கு அடிச்ச சாயம் ஒத்துக்கல. மூஞ்சி பன்னு மாதிரி வீங்கி, ஒரு கண்ணுதான் திறக்குது. வாசல்ல நீதான்னு தெரிஞ்சதும் அறைக்குள்ள ஓடித் தாப்பா போட்டுக்கிட்டாரு. எங்கிட்ட மட்டும் அந்த மூஞ்சியைக் காட்ட வெக்கமே இல்ல, பாரு.

நீ வேலைக்குச் சேர்ந்தப்புறம் ஆரம்பிச்ச கூத்தும்மா இது. சட்டைக்குள்ள ஒரு பெல்ட்டு, தொப்பையை அமுக்கிப் பிடிக்க. சாயங்காலம் வந்து அதை அவுப்பாரு பாரு, வேர்வையும் சென்ட்டும் கலந்து ஒரு நாத்தம்... குமட்டும். இடுப்பு பூரா புண்ணு. அதுக்கு மருந்து போடுறது யாரு? நான்தான். தலகாணி உறையெல்லாம் கரி பூசின மாதிரி. வயசைக் காட்டுதுன்னு மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுட்டு மாடிப்படியில உருண்டாரு. ஜிம்ல அடிபட்டுச்சுன்னு சொன்னாரா? சொல்லுவாரு.

நீ நாய் வளர்க்கிறியாமே? அவருக்கும் நாய்னா உசுரா! தெருநாயைக் கண்டா கல்லைத் தேடுற ஆளும்மா. நீ வேற குரல் நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சியா, அன்னிலேருந்து எங்கிட்ட உப்பு கேக்குறதுகூட ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரிதான்.

சிரி, சிரி. நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம் அருவருப்பாயிடுச்சு. கட்டிக்கிறதுக்கு முன்னாடி எனக்காகவும் வேஷம் போட்டவர்தானே? எனக்குப் பாட்டு பிடிக்கும்னு கேள்விப்பட்டுப் புல்லாங்குழலும் கையுமா வந்து நின்னாரு. கல்யாணமானதும் அது பரண் மேல போயிடுச்சு. ஒரு பாட்டைக்கூட முழுசா வாசிக்கத் தெரியாது. இத்தனை வருஷம் கூட இருந்தும், அந்தாளுக்கு நெசமாவே என்ன பிடிக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலம்மா.

கிளம்பிட்டியா? இரு, நானும் உங்கூடவே இறங்குறேன். இந்தக் களிம்பை மட்டும் அவரு கதவுகிட்ட வச்சுட்டு வந்துடுறேன். எங்க பெட்டியெல்லாம் கீழ டாக்ஸில ஏத்தியாச்சு. வர்றப்ப பாத்திருப்பியே, பின் சீட்ல ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கும். ஆமா, அவளேதான். போன வாரம் துணிக்கடையில கன்னத்தைத் தட்டி, என்ன படிக்கிறேன்னு கேட்டியாமே. அண்ணன் பொண்ணுன்னு உங்கிட்ட காட்டினாராம். வீட்டுக்கு வந்து இவ எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

அப்பாவுக்குத்தான் கூடப் பொறந்தவங்க யாருமே இல்லையேம்மான்னு.