நீலக் கோடு ஓடிய சில்லு

துர்காவுக்கு அமிர்தம் எழுதுவது.

சில்லு பதிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் ஓரத்தையும் கருங்கல்லில் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். அதைச் சொல்ல நானும் மறந்துவிட்டேன், நீங்களும் வீடியோவில் விட்டுவிட்டீர்கள். உடைந்த பீங்கானின் விளிம்பு சவர பிளேடு மாதிரி இருக்கும். தேய்க்காமல் பதித்துவிட்டு, கால் கிழிந்தது என்று யாராவது உங்களைத் திட்டினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வீடியோவை என் வீட்டுக்காரர் போனில் நாலு தடவை பார்த்தேன். உடைந்த டீ கப்பில் நான் செய்த சமையல் மேடை, காம்பவுண்டுச் சுவர்மேல் வரிசையாக வைத்த கரண்டுக் கம்பத்துப் பீங்கான், பழைய வாயில் புடவையில் தைத்த ஜன்னல் திரை எல்லாவற்றையும் அழகாகக் காட்டியிருக்கிறீர்கள். இந்த வீட்டில் எதுவும் வீணாகாது என்று நீங்கள் சொன்ன இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் என் வீட்டைப் பற்றி ஒருத்தர் வாயால் நான் கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

வீடியோ எடுக்க வந்த அன்றைக்கு நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். வீடு முழுக்கக் கம்பெனி கழித்துப்போட்ட ரிஜெக்ட் சரக்காக இருக்கும்போது, குளியலறையில் இருக்கிற வெஸ்டர்ன் டாய்லெட் கோப்பை மட்டும் ஏன் ஸ்டிக்கர்கூடப் போகாத புதுசாக இருக்கிறது என்பது ஒன்று. பின்கட்டில் துணி துவைக்கிற இடத்துத் தரையில், வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவே ஒரு சில்லின் ஓரத்தில் ஓடுகிற நீலக் கோட்டை எப்படி வரைந்தேன் என்பது இன்னொன்று. அந்தச் சில்லை நீங்கள் குனிந்து தடவிப் பார்த்தீர்கள். நான் சிரித்து மழுப்பி உங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

இப்போது அதை எழுதுவதற்குக் காரணம், நெய்வேலியில் உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி, எங்கள் ஊரில் ரிஜெக்ட் கோப்பை ஒன்று பார்த்து வாங்கித் தர முடியுமா என்று நீங்கள் அனுப்பிய மெசேஜ். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோப்பையை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லித் தருகிறேன். அதற்குச் செல்வநாயகியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் எங்கள் ஊர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங்கில் வேலை பார்த்தேன். சூளையிலிருந்து வருகிற சரக்கை மரக்கட்டையால் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. நல்ல சரக்கு ‘ணங்’ என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருக்கும். உள்ளே விரிசல் இருந்தால் ‘டொப்’ என்று வாயை மூடிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் நீல மையைக் கரைத்துத் துணியால் தடவுவோம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் மையைக் குடித்துக்கொண்டு நீலக் கோடாக எழுந்து நிற்கும். இருபத்தாறு வருஷத்தில் நான் தட்டி அனுப்பிய சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று பிறகு நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

செல்வநாயகி என் வீட்டுக்காரர் பச்சமுத்துவின் தங்கை. திட்டக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போய், பிள்ளை குட்டியும் இல்லாமல் மூன்று வருஷம் முன்னால் எங்களோடு வந்துவிட்டாள். நல்லவள்தான். கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். வந்த அன்றைக்கே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது என்னா அண்ணி, வூடா ஒங்க கம்பெனி குப்பமேடா?” என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கூடவே என் வீட்டுக்காரரும்தான் சிரித்தார். என் எதிரில் அவர் அந்த வீட்டைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு ஃபேனை நிறுத்தத் தெரியாது. அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் கொட்டுவாள். நீங்கள் பார்த்த புடவைத் திரையைக் கழற்றிவிட்டுக் கடையில் பூப்போட்ட திரை வாங்கி மாட்டினாள்; பிறகு நான்தான் பழையதைத் திரும்ப மாட்டினேன். எனக்கும் ஒரு பட்டுப் புடவை எடுத்துக்கொடுத்து, “கிழிஞ்சத கட்டிக்கிட்டு ஏன் அண்ணி அலயுறீங்க, அண்ணன் என்னா கொறயா வச்சிருக்குது?” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதனால்தான் அவள்மேல் என்னால் கோபப்படவே முடியாமல் போனது.

வந்த ஆறு மாசத்தில் அவளுக்கு முட்டி மடங்காமல் போனது. தரைக் கோப்பையில் உட்கார முடியாது. என் கையில் பணத்தைக் கொடுத்து, “இதுலயாவது ரிஜெக்ட்டு வாணாம் அண்ணி. நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுங்க” என்றாள். நான் வாங்கப் போனது நிஜம். போகிற வழியில் எஸ்டேட் வாசலில், ரிஜெக்ட் குவியலில் ஒரு கோப்பை கிடந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. தெரிந்த பையன், சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்றான். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டுக் கடைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. உங்களுக்கும் வந்திருக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டிப் பார்த்தேன். ‘டொப்’ என்றது. மை தடவினேன். அடிக்கால் பக்கத்திலிருந்து உட்காரும் வளையம் வரைக்கும் ஒரு முழ நீளத்துக்கு நீலக் கோடு எழுந்தது. வெளியே வெள்ளை சிமெண்டைக் குழைத்து இழைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். நான் உட்கார்ந்து பார்த்தேன், தாங்கியது. நான் நாற்பத்தைந்து கிலோ. அவள் எண்பதைத் தாண்டியிருப்பாள். அதை அப்போது நான் யோசிக்கவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். யோசித்தேன். எங்கள் கம்பெனியில் விரிசல் விழுந்த சரக்கு பத்து வருஷம் ஓடியதையும் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லி என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

அதைத் தரையில் பொருத்தியது என் வீட்டுக்காரர். ஸ்பானரை வைத்து போல்ட்டை முடுக்கிவிட்டு, “ஆடாம நிக்கிது பாரு” என்றார். செல்வநாயகி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் குளியலறையைக் கழுவும்போது கோப்பையைத் தட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமானது. சத்தம் மாசத்துக்கு மாசம் கீழே இறங்கியது. ஆவணியில் கேட்டதற்கும் தையில் கேட்டதற்கும் நல்ல வித்தியாசம். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், அமிர்தம் தன் கையால் ரிஜெக்ட்டைத் தேர்ந்தெடுத்துப் போட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, சிரிப்புதான் அதிகம்.

பங்குனியில் ஒருநாள் சாப்பிடும்போது அவள், “அண்ணா, இந்த அடுப்பு மேடைய இடிச்சிட்டு கிரானைட்டு போட்டுடலாம். செலவு என்னுது. அப்புறம் பின்னால அந்த செவுரு, அந்த தொட்டி எல்லாத்தயும் வாரிப் போட்டுட்டு புதுசா செய்வம்” என்றாள். அவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, “அதுவும் நல்லாத்தான் இருக்கும்” என்றார். அந்த மேடையில் ஒவ்வொரு சில்லும் நான் கம்பெனி விட்டு வரும்போது புடவை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது. இரண்டு வருஷம் பிடித்தது அதைச் செய்ய. ஆளை வரச்சொல்ல நாளும் குறித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் கோப்பையைத் தட்டியபோது அதற்குச் சத்தமே இல்லை. ஈரச் சுவரைத் தட்டிய மாதிரி இருந்தது. நான் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்து இட்லி ஊற்றினேன்.

அதற்கு ஐந்தாம் நாள் அது உடைந்தது. அவர் மங்கலம்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். உட்கார்ந்திருந்த செல்வநாயகியின் தொடையில் ஆழமாகக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னிடம், “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமேம்மா” என்று மட்டும் சொன்னாள். மாடியில் இருந்தேன், காதில் விழவில்லை என்று அவளிடமும் போலீஸ்காரரிடமும் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் எதையும் தட்டிப் பார்க்கவில்லை.

உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். தூக்கிப்போட மனசு வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு கழுவிக் காயவைத்துப் பார்த்தால், நல்ல கெட்டிப் பீங்கான். பின்கட்டுத் தரை அதில்தான் போட்டேன். நீலக் கோடு ஓடிய சில்லை ஒளிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, ஒளித்தால் அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் போய்விடுமே என்று நடுவில் வைத்தேன். அதன்மேல் கால் வைக்காமல்தான் துணி துவைக்கிறேன். நீங்கள் அதைத் தடவியபோதுதான் நான் மோர் எடுக்க உள்ளே போனேன்.

அவர் தன்னால்தான் என்று நினைக்கிறார். “ஒரு சுத்து அதிகமா முடுக்கிட்டேன் அமிர்தம், அதான் வெடிச்சிப் போச்சி” என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே. பிறகு கையைக் கழுவிவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார். அந்த ஸ்பானரை மணிமுத்தாற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். நல்ல ஸ்பானர்.

அவள் கொடுத்த பணம் அப்படியே இருந்தது. அதில் கடைக்குப் போய் ஃபர்ஸ்ட் குவாலிட்டி கோப்பை வாங்கிப் போட்டேன். நீங்கள் கேட்ட புதுக் கோப்பை அதுதான். அவள் பணத்தில் நான் கை வைக்கவில்லை என்பது எனக்கு ஒரு நிம்மதி.

ஆனால் ஒன்று நடந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் எதைத் தட்டினாலும் ‘டொப்’ என்கிறது. டம்ளர், தட்டு, மேடை, நல்ல ஜாடி, எல்லாம். என் காதுதான் போய்விட்டதா என்று டாக்டரிடம் காட்டினேன், காது நன்றாக இருக்கிறது என்கிறார். புதுக் கோப்பை ஒன்றுதான் ‘ணங்’ என்கிறது. அந்தச் சத்தம் அடங்குகிற இடத்தில், அன்றைக்கு அவள் என்னைக் கேட்டது காதில் விழுகிறது. அதனால் இப்போதெல்லாம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் அதைக் கழுவுகிறேன்.

உங்கள் அம்மாவுக்குப் புதுசு வாங்கிக் கொடுங்கள். வாங்கும்போதும் தட்டிப் பாருங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், அவரிடம் மட்டும் முதலில் நானே சொல்ல வேண்டும். தினமும் சொல்லத்தான் நினைக்கிறேன்.

அவள் கேட்டது என்னவென்று சொல்லாமல் விட்டுவிட்டேன். குளியலறைக்கு நேர் மேலேதான் மொட்டைமாடி. காலை பதினோரு மணி இருக்கும். கீழே ‘டொப்’ என்றது. இருபத்தாறு வருஷம் கேட்ட காதுக்கு அது என்ன என்று சொல்ல ஆள் வேண்டாம். முதலில் “அண்ணி” என்று பெரிதாக ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து, வழக்கமாகக் கேட்கிற மாதிரியே, “அண்ணி, மேலயா இருக்கீங்க?” என்றாள். மூன்றாவது தடவை மெதுவாகத்தான் கேட்டது. முட்டி வலிக்காக அவள் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, தள்ளினால் திறந்துவிடும். ஆனால் வடக்கே மேகம் கறுத்திருந்தது. இரண்டு வேட்டி நிறைய அரிசி வடகம் பிழிந்து போட்டிருந்தேன். வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரித்தால்தான் உடையாமல் வரும், அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அன்றைக்குக் கடைசியில் மழை பெய்யவில்லை. ஆனால் பெய்திருந்தாலும் பரவாயில்லை, நான் கீழே இறங்குவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், ஒரு வடகம்கூட வீணாகவில்லை.