முப்பாட்டனாரைத் திருப்பிப் பார்த்த கதை

அவைக்கு அழகூட்டி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! பழைய ஓவியம் ஒன்றைக் கண்டால் பசியையே மறக்கும் பெரியோர்களே! அந்த ஓவியத்தை வீட்டுக்குள் விடலாமா வேண்டாமா என்று தீர்ப்பு வழங்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பழைய எண்ணெய் ஓவியம் வாங்குகிறவன் முதலில் எதைப் பார்ப்பான்? முகத்தையா? முகிலையா? முத்துமாலையின் மினுமினுப்பையா? இல்லை ஐயா, இல்லை! முதுகைப் பார்ப்பான்! முன்பக்கம் மயக்கும், பின்பக்கமே மெய் பேசும். துணி பழுப்பேறியிருக்கிறதா? சட்டத்தைப் பூச்சி துளைத்திருக்கிறதா? ஆணி துருப்பிடித்திருக்கிறதா? துருவைக் கண்டு துள்ளிக் குதிக்கும் பிறவி உலகத்தில் எங்களைத் தவிர வேறு உண்டா? அதோ, மூன்றாம் வரிசை அம்மா தலையாட்டுகிறார். அவர் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் போலும்!

இந்தப் பழக்கம் என் மகளின் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

மகளும் ஒரு பையனும் விரும்பிவிட்டார்கள். பெரியவர்கள் சரியென்று சொல்வதுதான் பாக்கி. பேசி முடிக்கப் பையன் வீட்டுக்குப் போனோம். கூடத்துச் சுவரில் மீசையும் முறைப்புமாக ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் வீற்றிருந்தார். "எங்க முப்பாட்டனார். இந்த வாழ்வே அவர் போட்ட பிச்சை" என்று நெஞ்சை நிமிர்த்தினார் பையனின் அப்பா.

கை சும்மா இருக்குமா? எழுந்தேன், எடுத்தேன், திருப்பினேன்! வெள்ளை வெளேரென்ற துணி! பளபளவென்று ஸ்டேப்ளர் பின்! வாய் என்னைக் கேட்காமலே திறந்தது: "என்னங்க, உங்க முப்பாட்டனாருக்கு அஞ்சு வயசுகூட ஆகாது போலிருக்கே!"

மகள் முகம் வெளுத்தது. என் மனைவி பார்த்த பார்வையில் வார்னிஷ் உருகியிருக்கும்.

பையனின் அம்மாதான் முதலில் வெடித்தார்: "பரண்ல கிடைச்சார்னு சொன்னீங்களே! தினமும் கும்பிட்டுட்டு இருக்கேனே, யார் வீட்டுத் தாத்தாங்க இவரு?"

பையனின் அப்பா விருட்டென்று எழுந்து உள்ளே போனார். போச்சு, சம்பந்தம் போச்சு என்று மனம் பதைத்தது. "அப்பா, தயவுசெஞ்சு இனிமே வாயத் திறக்காதீங்க" என்றாள் மகள், கண்ணில் நீரோடு.

திரும்பி வந்தார். கை நிறைய ஓவியங்கள்!

"உங்க வம்சம்தான்னு கடைக்காரன் சத்தியம் பண்ணான். மூக்கும் எங்கப்பா மூக்காட்டமே இருந்துச்சு, நம்பிட்டேன். இன்னும் நாலு தாத்தா இருக்காங்க. இவங்களையும் கொஞ்சம் திருப்பிப் பாத்துச் சொல்லுங்க!"

பார்த்தேன். நால்வரும் ஸ்டேப்ளர் பரம்பரை!

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "வந்தவங்க எல்லாரும் ஆகா ஓகோன்னுதான் சொன்னாங்க. நெசத்தச் சொல்ற ஆள் எங்க வீட்டுக்கு வேணும். பொண்ணும் உங்கள மாதிரிதானா?"

மகள் முந்திக்கொண்டாள்: "இல்ல மாமா, நான் எங்கம்மா மாதிரி. திருப்பிப் பாக்காமலே சொல்லிடுவேன்!"

அந்த நொடியே கல்யாணம் நிச்சயமாயிற்று.

ஆகவே அன்பர்களே! ஏமாறுவது இழிவா? இல்லவே இல்லை! ஏமாந்ததற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதே இழிவு! வாங்குங்கள், வாழ்நாளெல்லாம் வாங்குங்கள். வாங்கும் முன் திருப்புங்கள்! உண்மை பட்டதும் உடைவது உறவா? உண்மையைக் கேட்ட பிறகும், "உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சொல்லும் வீடல்லவா வீடு! அப்படியொரு வீட்டுக்கு மகளை அனுப்பிய பூரிப்போடு, செவி கொடுத்த உங்களுக்கெல்லாம் நெஞ்சு நிறைந்த நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!