ஆகஸ்ட் பரீட்சை

என் வீட்டுப் புல்லை இன்றும் நான்தான் வெட்டுகிறேன். "மைதான வாசல்ல வெண்கலச் சிலையா நிக்கிற மனுஷன் இப்படி வேர்த்து வழியலாமா கோச்?" என்று பக்கத்து வீட்டு வெண்டல் சீண்டுவான். மிசிசிப்பி வெயில் ஆள் பார்ப்பதில்லை.

நீங்கள் கேட்க வந்தது கோல்பியைப் பற்றி. சொல்கிறேன்.

ஆகஸ்டில், பந்தயங்கள் தொடங்குமுன், கல்லூரி டாக்டர், ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் எங்கள் ஃபுட்பால் பையன்களுக்கு ஞாபகசக்திப் பரீட்சை வைப்பார். பிறகு ஆட்டத்தில் எவனுக்காவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சை மறுபடியும் நடக்கும். மதிப்பெண் குறைந்தால் அவன் வெளியே உட்கார வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் தடவையே குறைவாக வாங்கியவனுக்கு அப்புறம் குறைய என்ன இருக்கிறது?

ஆகையால் வருடாவருடம் பரீட்சைக்கு முன் உடைமாற்றும் அறையில் பேசுவேன். "டேய், இன்னிக்கு எவனும் மேதாவித்தனம் காட்டக் கூடாது. மக்கு மாதிரி எழுதிட்டு வாங்க."

"நான் நடிக்கவே வேணாம் கோச்," என்றான் கோல்பி. வேதியியலில் வகுப்பிலேயே முதல் மாணவன் அவன். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நவம்பரில், எங்கள் பரம வைரிக் கல்லூரியோடு ஆட்டம். மோதி விழுந்து எழுந்த கோல்பி, எதிரணிக் கூட்டத்துக்குள் போய் ஒருவன் தோளில் கைபோட்டு நின்றான். குறும்பு என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். குறும்பில்லை, எது தன் அணி என்றே அவனுக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டர் சோதித்துப் பார்த்தார்.

"ஆகஸ்ட்ல இருந்த மாதிரியேதான் இருக்கான்," என்றார்.

ஹெல்மெட்டைத் தட்டி அவனை உள்ளே அனுப்பினேன். அடுத்த மோதலில் விழுந்தவனைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. ஆட்டத்தை ஜெயித்தோம். சிலை அதற்குப் பிறகு வந்தது.

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் பீக்கன் பை என்ற இனிப்புப் பண்டம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் அம்மா லொரெட்டா அதைப் பிட்டு அவனுக்கு ஊட்டுவாள்.

"மத்தவங்கல்லாம் மறந்துட்டாங்க கோச். நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க," என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

கோல்பிக்கு ஒரே கேள்விதான். "நாம ஜெயிக்கிறோமா கோச்?"

"ஜெயிக்கிறோம்டா."

கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பேன். அவனைக் கெடுத்தது நான்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கத்தில்தான் இந்த ஆகஸ்டில் நான் வாயே திறக்கவில்லை. துணைப் பயிற்சியாளரைப் பேசச் சொல்லிவிட்டு அறைக்கு வெளியே நின்றேன். பையன்கள் சிரிப்பது கேட்டதும், பேசிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.