கப்பல் புகையைப் பார்த்தவர்

போடி பஸ் நிலையத்தில் மலைமேல் இருக்கும் மெட்டுக்குப் போகும் பஸ்சுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். மூத்தவர் எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்த நெருப்புப் போடுகிறவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

“என் பேச்சக் கேட்டு எங்க எஸ்டேட் தொரை பாய்மரப் படகையே திருப்பிட்டாரு, மாப்ளே.”

“நீ கடலையே பாத்ததில்லையே, மச்சான்!”

“போன வாரம் கொச்சியில பந்தயம். ஆளு கொறையுதுன்னு என்னையும் ஏத்திக்கிட்டாரு. எதிர்காத்துல படகு நேரா போகாது. நம்ம மெட்டு ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறணும். எல்லாப் படகும் கெழக்குக் கரையப் பாத்துப் போச்சு. தூரத்துல நின்ன கப்பலோட புகை மட்டும் மேக்க இருந்து எங்க பக்கம் சாஞ்சுச்சு. புகை பாக்குறதுதான எனக்குச் சோலி? காத்து மாறப் போகுது, மேக்க திருப்புங்க தொரைன்னேன்.”

“மாறுச்சா?”

“எங்க! ரொம்ப நேரம் நாங்க மட்டும் ஒத்தையில நிக்கிறோம். மத்தவங்க முன்னால போயிட்டாங்க.”

“காத்து வராட்டி உன்னைய அங்கயே எறக்கிவிட்டிருப்பாரு.”

“வந்துச்சு மாப்ளே. மேக்கத்திக் காத்து மொதல்ல எங்க பாயிலதான் விழுந்துச்சு. ஆறு படகத் தாண்டுனோம்.”

“அப்ப மொதப் பரிசா?”

“ரெண்டாவது. அது கெடக்கட்டும். காத்து வராத அத்தன நேரமும், ஏன்டா அப்படிச் சொன்னன்னு ஒரு தடவகூட அவரு என் பக்கம் திரும்பல. அதுக்குத்தான் அவரக் கும்பிடுறேன்.”