மணி அடிக்காத மத்தியானம்

உடையவர் சன்னதிப் பக்கம் திரும்பி நின்றே சொல்கிறேன், விசாரிக்க வந்த ஐயா. இதில் ஒரு சொல் பொய்யில்லை. எனக்கு மத்தியானத்தில் வேகவைத்த முட்டை பிடிக்கும்.

வல்லம் வடகாலில் பாக்டரிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் ஆபீஸ் என் பொறுப்பு. கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஹாஸ்டலின் போன் ஆப்பும் என் தலையில்தான். ஒவ்வொரு பெண்ணின் போனிலும் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் என் அறையில் மணி அடிக்கும். நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேனை அனுப்புவேன்.

தென்காசிப் பக்கத்துத் தங்கமாரிக்கு இளைப்பு உண்டு. ஆனால் சாம்பாரில் புழு, குழாயில் காற்று, எல்லாவற்றுக்கும் மணிதான்.

"ஆபத்துக்கு வச்ச பொத்தாம்மா அது. சும்மா அமுக்கிகினே கீறியே" என்றேன்.

"புழுவத் தின்னா மூச்சு முட்டத்தான செய்யும், தாத்தா" என்றாள்.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அறைக்குப் போய் அவள் எண்ணை மட்டும் முடக்கினேன். புத்தி வரட்டுமென்றுதான். மறுநாளே அந்தத் தடையை எடுத்துவிட்டதாக ஞாபகம்.

நடந்தது வேறு. எல்லோரும் ஒரே சமயத்தில் அமுக்கினால் சர்வர் தாங்குமா என்று பார்க்க வேண்டியது என் கடமை. கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினேன். இல்லாத பெண்கள் லட்சம் பேர் ஒன்றாக அமுக்கினார்கள். சர்வர் உறுமியதற்கு ஒரகடம் வரை நாய்கள் பதில் சொல்லின. அதன் மேல் வைத்த முட்டை வெந்தது. உப்புப் போட்டுத் தின்றேன். பிறகு சர்வர் படுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, நைட் ஷிப்ட் முடித்துத் தனியாகப் படுத்திருந்த தங்கமாரிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பேச வராதவள் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். விடாமல் அமுக்கியிருக்கிறாள். கதவைத் திறந்தபோதும் கட்டைவிரல் அதன் மேல்தான் இருந்தது. லட்சம் பேர் நெரிசலில் ஒருத்தியின் மணி எப்படிக் கேட்கும்? மெஷினின் குறை, ஐயா.

அவள் அப்பா சுடலை வந்தார். "மணி அடிச்சிச்சாய்யா?" என்று மட்டும் கேட்டார்.

"அடிக்கலயே" என்றேன். அதுவும் சத்தியம்.

அவள் கட்டிலுக்கு வேறு பெண் வந்துவிட்டாள். புதியவள் போனிலும் அதே பொத்தானைப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த லட்சம் பேர் சோதனையை நான் ஓட்டியது, தங்கமாரியை அடக்கம் செய்த மறுநாள்.