வெனிங்கின் பிருடைகள்

1994 மார்ச் 12 அன்று காலை, ஜாவாவின் சோலோ நகரில், ஹாலந்து போகும் இசைக் குழுவுக்கான தேர்வில், என் மகள் வெனிங்கின் ரெபாப் பாதிப் பாட்டில் சுருதி இறங்கியது.

ரெபாப் இரண்டு பித்தளைக் கம்பி வைத்த வில்வாத்தியம். கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் அதன் மரத் திருகுகளை, பிருடைகளை, பதப்படுத்துவது என் தொழில். மழைக்காலத்தில் மரம் ஊதிப் பிருடை இறுகிவிடும். சோப்பு தேய்த்தால் இலகுவாகத் திரும்பும். அதன்மேல் சாக்குக்கட்டித் தூள் தடவினால் திருப்பிய இடத்தில் நிற்கும். அன்று நான் தூள் தடவவில்லை.

என்னைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் அம்மா மலேசியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவள், திரும்பவில்லை. இவளும் போய்விட்டால் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

குழுவில் மற்ற வாத்தியம் பெரும்பாலும் வெண்கலம். வார்த்த சுருதி மாறாது. ரெபாப் நழுவினால் அது மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளும். மத்தளக்காரர் துகினோ சிரித்தார். "என்ன தாயி, உன் ரெபாப் தூங்கி விழுதா? உனக்காக வெண்கலம் எறங்கி வராதும்மா."

குழுத் தலைவி நல்ல மாதிரி. அடுத்த மாதம் இன்னொரு தடவை வரச் சொன்னார்.

"பிருடை நழுவுதுப்பா," என்றாள் வெனிங் வீட்டில். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சோப்பைத் துடைத்துத் தூள் தடவினேன். அவள் எதிரிலேயே வாசித்தும் காட்டினேன்.

"நிக்குதே கண்ணு. உனக்குத்தான் அப்படிக் கேக்குது."

பிறகு மறுபடியும் சோப்பு. அந்த மாதம் முழுக்க இப்படித்தான் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியைத் தட்டித் தட்டிச் சுருதி கேட்பாள். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

"அப்ப என் காதுலதான் கோளாறாப்பா?"

"உள்ள ஏதாச்சும் அடைச்சிருக்கும். எடுத்துட்டா சரியாயிடும்." ஆறுதலுக்காகச் சொன்னதுதான்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம், அறுந்த கம்பித் துண்டு ஒன்றால் இரண்டு காதையும் குடைந்திருக்கிறாள். சத்தமே போடவில்லை. அடுத்த அறையில் நான் பிருடைகளுக்குச் சோப்பு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

செவிப்பறை இரண்டும் கிழிந்து உட்காதும் சிதைந்துவிட்டது, இனி கேட்காது என்றார் டாக்டர். குழு வேறொரு பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பியது.

என் மகளை நான் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். வெனிங் வீட்டில்தான் இருக்கிறாள். தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.